ஆளுக்கு ஒரு பிடி

தை அமாவாசை அன்று காலை பத்து மணிக்கு மருதையின் பசு வயிறு ஊதி நின்றது. அதற்கு என்ன ஆயிற்று என்று இந்தக் கரும்புத் தீவில், லாங் மவுண்டன் ஊரில் எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

என் வீடு மருதை வீட்டுக்கு நேர் எதிரே. கரும்பு வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டுவது என் பிழைப்பு. ஜனவரியில் வெட்டு முடிந்து ஆலைகள் ஓய்ந்துவிடும், எனக்கும் வேலை இராது. வேலை இல்லாவிட்டால் எதிர்வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதுவரை நான் சொல்லிவிடுவேன் என்று என் மனைவி சின்னம்மா கேலி பேசுவாள். அப்படிப்பட்ட எனக்கே அன்று ஒன்றும் விளங்கவில்லை.

சந்தில் இருந்தது அந்த ஒரே பசு. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய மாட்டுநோய் தீவு முழுவதும் தொழுவங்களைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. எனக்கு இருந்த இரண்டு காளைகளும் அதில்தான் போயின. அதற்குப் பிறகு மாடு வாங்க எங்களில் யாருக்கும் திராணி இல்லை. மருதையின் பசுவும் மருதையுடையது அல்ல. பட்டணத்து ரோஷ் புவாவில் இருக்கிற ஜொசெத் என்கிற விதவையுடையது. அவளும் தமிழ் வம்சம்தான், ஆனால் பாட்டன் காலத்திலேயே கோயிலை விட்டுச் சர்ச்சுக்குப் போன குடும்பம். அவள் புருஷன் எர்வே துறைமுகத்தில் வண்டி ஓட்டினான். அவன் செத்த பிறகு பட்டணத்தில் மாடு வைத்துக்கொள்ள இடமில்லாமல் அவள் அதை மருதையிடம் வாரத்துக்கு விட்டாள்.

வாரம் என்றால் எங்கள் பக்கத்தில் கணக்கு இதுதான். முதல் ஈற்றுக் கன்று மாட்டுக்காரருக்கு, இரண்டாம் ஈற்று வளர்க்கிறவருக்கு. மாடு தானாகச் செத்தால் தோலையும் கொம்பையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வளர்க்கிறவர் கவனக்குறைவால் கெட்டது என்று தெரிந்தால் அவருக்கு இந்த வட்டாரத்தில் யாரும் மறுபடி மாடு விட மாட்டார்கள். முதல் கன்றை ஜொசெத் போன வருஷமே விற்றுக் காசாக்கிக்கொண்டாள். இப்போது வயிற்றில் இருப்பது இரண்டாவது, எட்டு மாதம். அது மருதையின் பெண்டாட்டி தெய்வானைக்கென்று பேச்சு. அந்த வீட்டில் நிலம் மருதையின் பேரில், வீடு அவன் அக்காள் பூங்காவனத்தின் பேரில். தெய்வானைக்கென்று உலகத்தில் வரப்போகிற முதல் சொத்து அந்தக் கன்றுதான். தினமும் அவள் பசுவின் வலப்பக்கம் கை வைத்துப் பார்ப்பதை நான் என் வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே உதைத்தால் அவள் முகத்தில் தெரிந்துவிடும்.

இனி அந்தப் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்டுக் காலத்தில் மாட்டுக்குக் கவலை இல்லை. கரும்பின் கொழுந்தாடை வேண்டிய மட்டும் கிடக்கும். டிசம்பர் தாண்டிவிட்டால் பெண்கள் அரிவாளோடு மலையடிவாரத்துக்குப் போக வேண்டும், காவல்காரன் கண்ணில் படாமல் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். மருதை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். பாம்பிள்முஸ் சர்க்கார் செடித்தோட்டத்தில் கொஞ்ச காலம் கூலிக்கு இருந்தபோது எங்கோ பார்த்தானாம். சந்தை ஒட்டிய தன் அரைத் துண்டு நிலத்தில் கரும்புக்கட்டையைப் பிடுங்கிவிட்டு, ஆள் உயரம் வளருகிற பத்தாக் புல்லை வரிசையாக நட்டான். வரிசைக்கு நடுவே அந்தாக் விதை ஊன்றினான். அந்தாக் என்று இங்கே சொல்வது நம் மொச்சையைத்தான். கொடி புல்லைப் பிடித்துக்கொண்டு ஏறியது, புல் கொடியைத் தாங்கிக்கொண்டு நின்றது.

"கரும்பப் புடுங்கிட்டுப் புல்லு நடுறவன இப்பத்தான் பாக்குறேன்," என்று கடைக்காரர் தனராஜ் சிரித்தார்.

"சிரிங்க மாமா. பெறகு பால் கேட்டு வருவீங்கல்ல, அப்ப நான் சிரிக்கிறேன்," என்றான் மருதை.

அவனுக்கு அதில் ஒரு முறை உண்டு. மத்தியானத்துக்கு மேல், பனியும் மழை ஈரமும் காய்ந்த பிறகுதான் வெட்டுவான். வெட்டியதை நிழலில் பரப்பி வாட விடுவான். மறுநாள் இரண்டு அணைப்புப் புல்லுக்கு ஓர் அணைப்புக் கொடி, இரண்டையும் கத்தியால் துண்டு போட்டுக் கலந்து தொட்டியில் போட வேண்டும். கலந்து போடுகிற வேலை தெய்வானையுடையது. "கொடிய மட்டும் போட்டுடாத, ஈரத்தோட போட்டுடாத" என்று அவன் அவளிடம் சொல்வது சந்துக்கே மனப்பாடம். மூன்று மாதத்தில் பசுவின் மேல் எண்ணெய் தடவினது போல மினுமினுப்பு வந்தது. மருதைக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் வந்தது, அது வேறு விஷயம்.

அமாவாசை அன்று விடியுமுன்னே மருதையும் பூங்காவனமும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள், செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட. திரும்பி வந்து மருதை தொழுவத்தை எட்டிப் பார்த்தான். அடுத்த நிமிஷம் அவன் போட்ட சத்தத்தில் நான் உளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

பசு கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. இடப்பக்கம், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் முதுகுத்தண்டுக்கு மேலே எழும்பியிருந்தது. விரலால் தட்டினால் பறை போலச் சத்தம் கேட்டது. அசைபோடவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. மூச்சு வாங்கியது.

"கோபாலண்ணே, நேத்து சாயங்காலம் நல்லாத்தான இருந்துச்சு? நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்டா. நல்லாத்தான் இருந்துச்சு."

"முந்தாநாள் மத்தியானம் வெட்டுனேன். நெழல்ல போட்டேன். வாடியிருந்துச்சு, கையில எடுத்துப் பாத்தேன். ராத்திரி கலந்ததத்தான் போட்டா. இல்ல தெய்வான? கலந்ததத்தான போட்ட?"

"கலந்துதான் போட்டேன்," என்றாள் தெய்வானை. தொழுவத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பசுவுக்காக என்று நான் நினைத்தேன்.

"காலையில?"

"காலையில நான் கலந்தது அப்பிடியே கெடக்கு. வாய் வைக்கல."

தொட்டியில் அது அப்படியே கிடந்தது உண்மைதான். தின்னாத மாடு எப்படி வயிறு ஊதும்? மருதை தொட்டியைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், மறுபடி தொட்டியைப் பார்த்தான். எனக்கும் மண்டை குழம்பியது.

அதற்குள் சந்து திரண்டுவிட்டது. தனராஜ் வந்து பூச்சி பொட்டு கடித்திருக்கும் என்றார். இந்தத் தீவில் விஷப்பாம்பே கிடையாது என்று யாரோ சொன்னதற்கு, "கப்பல்ல வந்திருக்கும்" என்றார். மாட்டுநோயே கப்பலில் வந்தபோது பாம்பு வரக்கூடாதா என்று எங்களையே திருப்பிக் கேட்டார். சின்னம்மா கண்ணேறு என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். எல்லோரும் இருமினோம், மாடும் இருமியது. வேப்பிலை அரைத்து ஊட்டினார்கள், பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது. படுக்கவைத்தால் தேவலை என்றார் ஒருவர். நிற்கவைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பசுவுக்கு ரொசீன் என்று ஒரு பேர், எர்வே வைத்தது. லட்சுமி என்று இன்னொரு பேர், பூங்காவனம் வைத்தது. இரண்டு பேரையும் சொல்லி மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். அது யார் பக்கமும் திரும்பவில்லை.

பூங்காவனம் ஈரச் சேலையோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அவள் பேசினாள். அவள் பேசினால் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? மாடு காலங்காலமா புல்லுத்தான் திங்கிது. எந்தம்பி மூள என்னமோ புல்லையும் கொடியையும் கட்டிக் கல்யாணம் பண்ணிவச்சுது. மூணு மாசமா அந்த விஷம் உள்ள சேந்து இன்னிக்கு வேலையக் காட்டுது. வேற என்ன?"

"மூணு மாசமா நல்லா இருந்துச்சே அக்கா!"

"நல்லா இருந்துச்சு. இப்ப நல்லா இல்ல. நான் சொல்றதுல என்ன தப்பு?"

"தப்புன்னு சொல்லல. எனக்குப் புரியல."

"கன்னு போனா போகட்டும். நாளைக்கு ஜொசெத் வந்து ஏன்டா எம்மாட்டக் கொன்னேன்னு கேப்பா. புல்லு நட்டுக் கொன்னேன்னு சொல்லு!"

மருதை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அந்தக் காரியத்தை நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. எனக்கும் அவள் சொல்வது ஒரு நிமிஷம் சரி என்றே பட்டது, அடுத்த நிமிஷம் அப்படிப் படவில்லை. அவன் வரிசையின் ஒரு முனையிலிருந்து புல்தூரைக் கொத்தினான், கொடியோடு சேர்த்து இழுத்தான். கொடி லேசில் விடவில்லை. பூவும் பிஞ்சுமாக இருந்ததை அவன் அள்ளிச் சந்தில் எறிந்தான். மழை தூறியது. தெய்வானை தொழுவத்து வாசலில் நின்றபடி அதைப் பார்த்தாள்.  

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை தோறும் ரொஜேயின் காய்கறி வண்டியில் ஏறி ஜொசெத் தன் மாட்டைப் பார்க்க வருவாள். வழக்கம்போல பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்து நின்றது. கறுப்பு உடுப்பும் வைக்கோல் தொப்பியுமாக அவள் இறங்கினாள். சந்தில் கிடந்த கொடியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள்.

"கி ஆரிவே? என்ன ஆச்சு?"

யாரோ தொழுவத்தைக் கை காட்டினார்கள். அவளே உள்ளே போய்ப் பசுவைப் பார்த்தாள்.

"போந்தியே!" என்றாள். கடவுளைத்தான் கூப்பிட்டாள். பிறகு தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "என்ன தின்னுச்சு?"

"பா கொனே, மதாம்," என்றான் மருதை. தெரியாது என்று சொல்லத் தமிழ் வாயில் வரவில்லை அவனுக்கு, தீவுப் பேச்சுதான் வந்தது. கையெல்லாம் மண்.

"தெரியாதா? நீ குடுக்கல?"

"கலந்ததத்தான் குடுத்தோம். அதையும் தின்னல."

"தின்னாம ஊதாது. எர்வே சொல்வான், மாடு பொய் சொல்லாது, வாயத் தொறந்து பாருன்னு. நீ புடி."

நானும் மருதையும் தலையைப் பிடித்துக்கொண்டோம். அவள் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு பசுவின் கடைவாயில் கையை விட்டு ஒரு கவளம் எடுத்தாள். நுரையோடு பச்சையாக இருந்தது. அதில் புல் ஒரு நார்கூட இல்லை. அவ்வளவும் கொடி இலை.

பிறகு அவள் தொட்டியில் கிடந்த கலவையை இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டாள். அடியில் வாழைநார் கிடந்தது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றும் முடிச்சுப் போட்டது. எடுத்து எடுத்துத் தொழுவத்துக் கல்லின் மேல் வரிசையாக வைத்தாள். ஒன்பது முடிச்சு. பத்தாவதாக ஒரு சிவப்புத் துணிக் கிழிசல் வந்தது.

"இது என்ன? புல்லுக்கட்டு இவ்வளவு சின்னதா யார் கட்டுவா?"

ஜொசெத்துக்குத் தெரிய நியாயமில்லை. எங்களுக்குத் தெரியும். அமாவாசை அன்று செத்தவர்களை நினைத்துப் பசுவுக்கு ஒரு பிடி அகத்திக்கீரை கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஒரு பிடியை வாழைநாரால் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். யாருக்குக் கொடுத்தோம், கொடுத்தோமா இல்லையா என்று வாய் திறந்து சொல்லக்கூடாது. சொன்னால் செத்தவர் வாய்க்குப் போய்ச் சேராது. எங்கள் சந்தில் அகத்தி ஒரே மரம்தான் இருந்தது. ஆளுக்கு நாலு இலைகூட வராது, அதைக் கொடுத்து மனசைத் தேற்றிக்கொள்வோம். போன மார்ச்சில் அடித்த புயலில் அந்த மரமும் சாய்ந்துவிட்டது. இந்த அமாவாசைக்கு என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்திருக்கிறோம். சந்தோரம் மருதையின் கொடி தளதளவென்று நின்றது. அகத்தியும் நெற்றுக் காய்க்கிற ஜாதி, அந்தாக்கும் நெற்றுக் காய்க்கிற ஜாதி. ஒரு பிடி ஒடித்தால் யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் அந்த ஒன்பது முடிச்சைப் பார்த்த நொடியில் எனக்கு விளங்கியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. என் தகப்பனுக்குக் கொடுத்தது போய்ச் சேராமல் போய்விடுமே என்கிற பயம். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். தனராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசு முனகியது.

"நேரம் போவுது," என்றாள் ஜொசெத். "என்ன தின்னுச்சுன்னு தெரியாம மருந்து குடுத்தா செத்துப்போவும். அலே, சீக்கிரம், யாராவது சொல்லுங்க!"

"அந்தச் செவப்புத் துணி என்னுது," என்றாள் தெய்வானை.

மருதை திரும்பினான். "எது?"

"நான் குடுத்தது. விடிஞ்சதும். நீங்களும் அண்ணியும் ஆத்துக்குப் போனப்புறம். ஒரு அணைப்புக் கொடி."

"வாட வைக்காமயா?"

"ஆமா."

"புல்லு சேக்காமயா?"

"ஆமா."

"ஒனக்குத் தெரியாதா? ஊருக்கு வேணா தெரியாது. தெனமும் கலந்து போடுறவ நீ. நான் அங்க வேரோட புடுங்கிக்கிட்டு நிக்கிறேன், நீ பாத்துக்கிட்டு நிக்கிற!"

"ஒரு அணைப்பு தின்னு மாடு இப்பிடி ஊதாதுங்க. அதான் எனக்கும் புரியல. நான் குடுத்ததாலதானா, வேற எதாலயோவான்னு... சொன்னா அவளுக்குப் போய்ச் சேராதேன்னு..."

"எவளுக்கு? ஒங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாந்தான ஆத்துல எள்ளுத்தண்ணி விட்டேன்?"

தெய்வானை குனிந்தாள். அந்தச் சிவப்புத் துணியைக் கல்லிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் இருந்தது. பதினாறாம் நாள் பேர் வைப்பதாக இருந்தார்கள். பேர் வைக்காத குழந்தைக்குத் திதியும் கிடையாது, எள்ளும் கிடையாது என்று பூங்காவனம் அன்றே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அந்தக் குழந்தையைச் சுற்றியிருந்த துணி அது என்று மருதை அடையாளம் கண்டுகொண்டான் என்பது அவன் பசுவை விட்டுவிட்டு வந்து அவள் உள்ளங்கையைப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

முதலில் சின்னம்மா அழுதாள். "நானும் ஒரு பிடி குடுத்தேன்டி. எங்க மாமனாருக்கு."

அந்த ஒரு பிடியை ஒடித்துக் கட்டிக்கொடுத்தவன் நான்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். தனராஜ் தன் தம்பிக்கு என்றார். அப்புறம் ஒவ்வொருவராக, ஒரு பிடிதான், ஒரே ஒரு பிடிதான். பெரிய கூத்து என்னவென்றால் ஒன்பதாவது முடிச்சு பூங்காவனத்துடையது. ஆற்றுக்குப் போகிற வழியில் தம்பியை முன்னால் விட்டுவிட்டு, மறந்துபோன சொம்பை எடுக்கிற சாக்கில் திரும்பி வந்து, செத்த புருஷனுக்காக ஒரு பிடி கொடுத்திருக்கிறாள்!

"ஒரு பிடியில என்னடா ஆகும்?" என்றாள் அவள், இப்போது மெதுவாக.

"ஒம்போது பிடி, ஒரு அணைப்பு. வெறும் வயித்துல, மழத்தண்ணியோட," என்றாள் ஜொசெத். "எண்ணெய் கொண்டா. தேங்கா எண்ணெய். எவ்வளவு இருக்கோ அவ்வளவும்."

அதற்குப் பிறகு குழப்பம் இல்லை, வேலைதான். சந்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எண்ணெய் வந்தது. அடுப்படி எண்ணெய், தலைக்கு வைக்கிற எண்ணெய், விளக்குக்கு வைத்த எண்ணெய் எல்லாம். மூங்கில் குழாயில் ஊற்றி மருதை பசுவின் தொண்டைக்குள் இறக்கினான். என் பட்டறையிலிருந்து ஒரு ஆரக்கால் கொண்டுவந்து வாயில் குறுக்கே கட்டினோம், அது மென்று மென்று வாயைத் திறக்கட்டும் என்று. பிறகு மலைப்பக்கம் ஏறுகிற வண்டித்தடத்தில், முன்னங்கால் உயரமாக இருக்கும்படி நடத்தினோம். நான் கயிற்றைப் பிடித்து இழுக்க, மருதை பின்னால் தள்ள, தெய்வானை இடப்பக்க வயிற்றை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வந்தாள். தூறல் நிற்கவில்லை. மூன்று தடவை ஏறி இறங்கினோம். நாலாவது தடவை பசு காலை மடக்கிவிட்டது.

"எந்திரி," என்று மருதை கெஞ்சினான். "எந்திரிடி தாயி. எம்மேல தப்பில்ல. யார் மேலயும் தப்பில்ல. எந்திரி."

அது எழுந்தது. எழுந்த வேகத்தில் ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், அந்த நாற்றத்தில் தனராஜ் பின்னால் நகர்ந்து வாய்க்காலில் காலை வைத்தார். அப்புறம் இன்னொன்று. நுரையும் இலையுமாக வாயில் வழிந்தது. ஒரு மணி நேரத்தில் வயிறு பாதி இறங்கிவிட்டது. தெய்வானை உடனே வலப்பக்கம் போய்க் கை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். கன்று உதைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ரொஜே வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். ஜொசெத் மாட்டுக் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். எங்களுக்குத் திக்கென்றது. வளர்க்கிறவர் தப்பு என்று அத்தனை பேர் வாயால் கேட்ட பிறகு, வண்டியின் பின்னால் கட்டி அவள் ஓட்டிக்கொண்டு போனால் கேட்க ஆளில்லை. அதுதான் வழக்கம்.

"எர்வேக்கு யாராவது குடுத்தீங்களா?" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"அவன் வளத்த மாடு இது. ஒங்க எல்லாரோட ஆளுங்களுக்கும் அதுதான் சாப்பாடு கொண்டுபோவுது. அவனுக்கு யாரும் குடுக்கல. எங்க சர்ச்சுல செத்தவங்களுக்கு வருஷத்துல நவம்பர்ல ஒரு நாள்தான். அது அவனுக்குப் பத்தாது, நெறைய சாப்பிடுவான்." அவள் சிரிக்க முயன்றாள். கண் கலங்கிவிட்டது. "அடுத்த மாசம் அவனுக்கும் ஒரு பிடி குடு, மருதை. புல்லோட குடு."

கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். தொப்பி ஆணியிலேயே இருந்தது. அடுத்த சனிக்கிழமை வந்துதான் எடுத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் அந்த வீட்டில் யார் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மருதை பெண்டாட்டியோடு சண்டை போடவில்லை, சமாதானமாகவும் பேசவில்லை. பிடுங்கிய வரிசைகளை நாங்கள் ஆளுக்கொரு மண்வெட்டியோடு போய்த் திரும்ப நட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு வீட்டு வேலியிலிருந்தும் அந்தாக் விதை ஒரு பிடி வந்தது. இதில் மட்டும் யாரும் ஒளித்துச் செய்யவில்லை. கன்று இருக்கிறதா, வயிற்றிலேயே போய்விட்டதா என்பதுதான் ஒருவருக்கும் தெளியவில்லை. ஒரு நாள் அசைகிறது என்பாள் தெய்வானை. மறுநாள் அது மாட்டின் மூச்சாக இருக்கும் என்பாள். பூங்காவனம் தானாகப் போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு, தனக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாசி அமாவாசைக்கு முந்தின நாள் மருதை சந்தில் நின்று சத்தம் போட்டுச் சொன்னான். யாரும் கொடியை ஒடிக்கக் கூடாது, நாளைக்குக் காலையில் தொழுவத்துக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். போனோம். வாடவைத்த புல்லையும் கொடியையும் இரண்டுக்கு ஒன்றாகக் கலந்து, சின்னச் சின்னக் கட்டாக நாரால் கட்டி வைத்திருந்தான். ஒரு வாய் அளவுதான் ஒவ்வொன்றும். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எர்வேயின் கட்டை அவனே கொடுத்தான். எல்லோரும் கொடுத்து முடித்த பிறகு ஒரு கட்டு மிச்சம் இருந்தது. அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதைத் தெய்வானையிடம் நீட்டினான்.

"புல்லும் சேத்துத்தான் கட்டியிருக்கேன்," என்றான். "குடு."

அதற்கு ஆறாம் நாள் மத்தியானம் பசு ஈன்றது. கிடாரிக் கன்று. நனைந்த உடம்போடு அது நாலு காலில் நிற்பதற்குள் மூன்று தடவை விழுந்தது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் சேர்ந்து கத்தினோம். தெய்வானை சேலைத் தலைப்பால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள். அவள் சிரித்தாள், அழுதாள், எதைச் செய்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒன்னோட கன்னு. நீயே ஒரு பேரு வையி," என்றாள் பூங்காவனம். "லட்சுமியோட மவ, மகாலட்சுமின்னு வச்சாலும் சரிதான்."

தெய்வானை யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாக வாயில் வைத்திருந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"செம்பகம்."

மருதை நஞ்சுக்கொடியைப் புதைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். நிறுத்தினான்.

"அது வேணாம்," என்றான்.

"ஏன்? நல்ல பேருதானே," என்றேன் நான், குறுக்கே விழுந்து. சின்னம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

மருதை என்னைப் பார்க்கவில்லை. தெய்வானையைப் பார்த்தான். "பதினாறாம் நாளு வைக்கிறதா இருந்த பேரு அதானே? மாட்டுக்கு வேணாம் தெய்வான. அத நம்ம பொண்ணுக்கே வச்சிடுவோம். அடுத்த அமாவாசையில பேரச் சொல்லி எள்ளுத்தண்ணி விடுறேன்."

பூங்காவனம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கன்றின் வாலைத் துடைக்கக் குனிந்துவிட்டாள்.

கன்றுக்கு வேறு பேர் யோசிக்க வேண்டும் என்று அன்று எல்லோரும் சொன்னோம். யாரும் யோசிக்கவில்லை. கன்று என்றே கூப்பிட்டோம். அது வளர்ந்து, புல்லும் கொடியும் தின்று, நாலு ஈற்று ஈன்ற பிறகும் எங்கள் சந்தில் அதற்குக் கன்று என்றுதான் பேர்.